பதினேழாம் கிணற்றின் முதல் முப்பது நாள்

அளவுமானியில் பத்தொன்பது என்று இருந்தது. பிலோமினா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பத்தொன்பதுதான். நாளொன்றுக்குப் பத்தொன்பது பீப்பாய் எண்ணெய். கையிலிருந்த அரசாங்கத் திரையிலோ பதினேழாம் கிணற்றின் பெயருக்கு நேரே தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு என்று பச்சை எழுத்தில் சட்டமாக உட்கார்ந்திருந்தது. வந்த ஆத்திரத்தில் கிணற்றைச் சுற்றியிருந்த கம்பிவேலியை ஓங்கி ஓர் உதை விட்டாள். வேலிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் கட்டைவிரல்தான் வீங்கியது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டை எழுதிக் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். ஆத்திரத்தில் பாதி அதற்கு.

அவள் அரசாங்கத்தில் அளவர். எண்ணெய்க் கிணறு, அரிசி ஆலை, சிமெண்ட் சூளை, எதுவானாலும் எவ்வளவு விளைகிறது என்று முப்பது நாள் கூடவே இருந்து அளந்து சான்று எழுதுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு புள்ளியைக் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அவள் எழுதும் எண் நேராகப் போய்ச் சேரும் இடம் நீர்ப் பங்கீட்டுப் பொறி. வெள்ளேரியில் இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அதில் யாருக்கு எவ்வளவு என்று விடிவதற்குள் முடிவு செய்து மதகுகளைத் தானே திறந்து தானே மூடுகிற இயந்திரம் அது. ஜனங்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் பங்காளி. சிரித்துப் பேசிக்கொண்டே வரப்பை நகர்த்துகிறவன் என்ற அர்த்தத்தில்தான் வைத்தார்கள்.

யார் அதிகம் விளைவிக்கிறானோ அவனுக்கு அதிகத் தண்ணீர். இதுதான் பங்காளியின் ஒரே நியாயம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முதல் முப்பது நாளில் எவ்வளவு வந்ததோ அதுவேதான் அடுத்த மூன்று வருஷத்துக்கும் வரும் என்று எடுத்துக்கொள்ளச் சட்டம் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. நெல்லரைக்கும் ஆலைக்கு அது பொருந்தும். ஷேல் பாறைக்குப் பொருந்தாது. அந்தப் பாறை எண்ணெயை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். ஏரித் தண்ணீரை மணலோடு கலந்து பேரழுத்தத்தில் இறக்கி அதை உடைத்தால், சோடா பாட்டிலைத் திறந்தது போல முதலில் பொங்கும். அப்புறம் கசியும். அந்தப் பொங்கலை வைத்துத்தான் பதினேழாம் கிணறு ஏரியில் நூற்றுக்கு அறுபது பங்கை வாங்கி வைத்திருந்தது.

பிலோமினாவின் ஊரான செம்மங்காட்டுக்கு மிஞ்சியது நாலு பங்கு. நானூற்று இருபது வீடுகள். நாலுக்குக் கீழே போனால் அந்த ஊர் வாழத் தகாத இடம் என்று பங்காளி அறிவித்துவிடும். ஜனங்களை ஏற்றிக்கொண்டுபோய் நெடுஞ்சாலை ஓரத்துப் பன்னிரண்டு மாடிக் கட்டடங்களில் இறக்கிவிடுவார்கள். மழை பொய்த்த அந்தப் பங்குனியில் நாலு மூன்றரை ஆனது. ஆடி முதல் தேதிக்கு லாரி வரும் என்று வீட்டுக்கு வீடு சீட்டு வந்தது.

கிணற்று நிறுவனத்தின் மேலாளர் ரகோத்தமன் மரியாதை தெரிந்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டார், மோர் வரவழைத்தார். பிலோமினா மோரைத் தொடவில்லை.

"சார், கிணறு செத்துப் போச்சு. பத்தொன்பதுதான் வருது. உங்களுக்கும் தெரியும்."

"தெரியும் மேடம். எல்லாக் கிணறும் அப்படித்தான். முதல் வருஷத்திலேயே முக்கால்வாசி போயிடும். அப்புறம் இருபது வருஷம் இழுத்துக்கிட்டுக் கிடக்கும். எங்க தப்பு இல்ல, பாறையோட சுபாவம்."

"செத்த கிணத்துக்கு எதுக்கு சார் அறுபது பங்கு தண்ணி?"

அவர் ஒளிக்கவில்லை. பதினேழு விழுந்ததும் பதினெட்டு தோண்ட வேண்டும். அது விழுவதற்குள் பத்தொன்பது. ஓடிக்கொண்டே இருந்தால்தான் மொத்த எண்ணெய் குறையாமல் இருக்கும். ஒவ்வொன்றையும் உடைக்க ஏரித் தண்ணீர் வேண்டும். புதுக்கிணற்றுக்கு எண் கிடையாது, பழைய கிணற்றின் எண்ணை வைத்துத்தான் தண்ணீர் எடுக்க முடியும். அடுத்த வருஷம் பதினேழுக்கு மறு அளவு வரும்போது அதையே இன்னொரு தடவை உடைத்துப் பொங்க வைத்துக்கொள்வார்கள். அளவுக்கு முன்னால் கிணற்றைத் தயார் செய்துகொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது.

"அப்ப தொள்ளாயிரத்துப் பன்னெண்டுன்னு ஊரை ஏமாத்துறீங்க."

"நாங்க எங்க மேடம் ஏமாத்தினோம்? அதை எழுதினது நீங்கதானே. சரியாத்தான் எழுதினீங்க."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

மாவட்ட அலுவலகத்தில் இதைவிட மோசம். இரண்டு வருஷ தினசரிக் குறிப்புகளையும் கட்டாகக் கட்டிக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தாள். எழுநூறு, நானூறு, இருநூற்று எழுபது, எண்பது, நாற்பது, பத்தொன்பது என்று எண் படியிறங்கி வருவதை விரல் வைத்துக் காட்டினாள். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகப் பார்த்துவிட்டு, இவை பார்வைக் குறிப்புகள், அளவு ஆகா, முப்பது நாள் விதிப்படி எடுப்பதற்குத்தான் அளவு என்று பெயர் என்றார். கண்ணால் பார்த்தது எழுநூறு நாள், விதிப்படி பார்த்தது முப்பது நாள், எது பெரிது என்று அவள் கேட்டாள். விதிதான் பெரிது என்று அவர் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. பாறையைத் திட்ட முடியாது. இயந்திரத்தைத் திட்டிப் பயனில்லை. ரகோத்தமன் மோர் கொடுத்தார். எல்லாரும் யோக்கியமாக இருந்து ஓர் ஊரைக் காலி பண்ணுகிறார்கள், அவளையும் சேர்த்து.

செம்மங்காடு முந்திரி ஊர். அவள் அண்ணன் அடைக்கலசாமிக்கு எட்டு ஏக்கர் முந்திரித் தோப்பு. அன்று சாயங்காலம் அவர் தோப்பில் நின்று ஒரு வெளியூர் வியாபாரியை விரட்டிக்கொண்டிருந்தார். தாமதமாகப் பூத்த ஒரு பக்கத்து மரங்களைப் பார்த்து, இந்தப் பூவுக்கு இவ்வளவு என்று அந்த ஆள் குத்தகை பேச வந்திருந்தான். முந்திரிக்காரர்கள் பூவைப் பார்த்துத் தோப்பைக் கொடுக்க மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள். பனி விழுந்தால் பூ கருகும், தேயிலைக் கொசு அடித்தால் பிஞ்சு உதிரும். கொட்டை கையில் விழுந்த பிறகுதான் பேச்சு. செம்மங்காட்டில் பிறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

"பூவைக் காட்டி வாங்குறான், பூவைக் காட்டி விக்கிறான், இந்தக் காலத்துல எல்லாம் அதுதான்" என்று அடைக்கலசாமி அலுத்துக்கொண்டார்.

பிலோமினா அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, நம்ம தோப்பு மொத்தத்தையும் ஒரு விளைச்சல்னு பதிஞ்சா என்ன? சித்திரையில முப்பது நாள் அளந்தா?"

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். அந்த மாசத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் மைதானத்தில் ஊர் கூடியது. பிலோமினா எடுத்துச் சொன்னாள். சட்டத்தில் தடையில்லை. புதிதாகப் பதிகிறவன் எந்த முப்பது நாளையும் தேர்ந்தெடுக்கலாம். முந்திரி வருஷத்தில் இரண்டரை மாசம்தான் காய்க்கும் என்பது பங்காளிக்குத் தெரியாது, அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருத்தரும் ஒரு கொட்டைகூடப் பொய்யாகச் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் நான் எழுத மாட்டேன் என்று மட்டும் கறாராகச் சொன்னாள்.

பொய்க்கு அவசியமே இருக்கவில்லை. கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியில் அழுக விடுவதுதான் அந்த ஊர் வழக்கம். ஆடு மாடு தின்றது போக மீதியில் ஈ மொய்க்கும். இந்தத் தடவை பழத்தையும் கூடை கூடையாகப் பொறுக்கித் தராசில் ஏற்றினார்கள். கொட்டையைப்போல எட்டு மடங்கு கனம் பழத்துக்கு. அறுநூறு ஏக்கர், ஊரில் நடக்கக்கூடியவர்கள் எல்லாரும், முப்பது நாள். மைதானம் முழுக்கப் புளித்த வாடை. பிலோமினா தராசுக்குப் பக்கத்திலேயே கால் வீங்க நின்று ஒவ்வொரு கூடையையும் எழுதினாள். கூடையின் எடையைக் கழிக்க ஒருமுறைகூட மறக்கவில்லை.

வந்த எண்ணை அப்படியே பன்னிரண்டு மாசத்துக்கும் நீட்டிப் பங்காளி வைகாசிப் பிறப்பன்று பதில் சொன்னது: செம்மங்காடு, நூற்றுக்கு முப்பத்தொன்று. இடமாற்றம் ரத்து. குழாயில் தண்ணீர் பீறிட்டு வந்ததைப் பார்த்துப் பெண்கள் குலவையிட்டார்கள். அடைக்கலசாமி தங்கையைத் தோளைப் பிடித்து ஆட்டி, ஒரு பொம்பளை ஒத்தையா நின்னு அந்தக் கிணத்தைக் கவுத்துட்டா என்று எல்லாரிடமும் சொன்னார்.

பிலோமினாவும் அப்படித்தான் நினைத்தாள். பத்து நாள் நினைத்தாள்.

பதினோராம் நாள் காலையில் அவளுடைய அலுவலக வாசலில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். பெயர் அஞ்சலாட்சி, ஊர் கீழோடை என்றாள். ஏரியின் கடைசி மதகுக்கும் அப்பால், ஆடு மேய்த்துப் பிழைக்கிற எண்பது குடும்பங்கள் இருக்கிற இடம் அது. அவள் ஒரு தாளை நீட்டினாள். பிலோமினாவுக்கு அதைப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை, சீட்டின் நிறமே சொல்லிற்று. கீழோடை வாழத் தகாத இடம். ஆடி முதல் தேதி லாரி.

பிலோமினா உள்ளே ஓடித் திரையைத் திறந்தாள். பதினேழாம் கிணறு அறுபதிலேயே அசையாமல் நின்றது. சான்று இருக்கிறவனிடமிருந்து பங்காளி எடுக்கவில்லை. செம்மங்காட்டுக்குக் கொடுத்ததையெல்லாம் சான்று இல்லாத சிற்றூர்களிடமிருந்துதான் உருவியிருந்தது. கீழோடைக்குப் புள்ளி இரண்டு. அவள் கவிழ்த்தது கிணற்றை இல்லை.

அஞ்சலாட்சி சண்டைக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் உதவி கேட்டு வந்திருந்தாள்.

"யக்கா, உங்க ஊருக்கு முப்பது நாள் அளந்து தண்ணி வாங்கிக் குடுத்தீங்களாமே. எங்களுக்கும் வந்து அளங்கக்கா."

"உங்க ஊர்ல என்னம்மா விளையுது?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"ஆடு இருக்குது. அது முப்பது நாள்ல குட்டி போடாது. பசங்க இருக்குதுங்க, முப்பது நாள்ல எவ்ளோ வளந்துரும்? முப்பது நாள்ல காட்டுற மாதிரி எங்ககிட்ட ஒண்ணும் இல்லக்கா. நீங்க படிச்சவங்க, நீங்களே எதாச்சும் பார்த்து எழுதுங்க."

அவளைச் சாப்பிட வைத்து அனுப்பிவிட்டு பிலோமினா கதவைச் சாத்திக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுகை அடங்கியபோது கோபம் மட்டும் பாக்கி இருந்தது. ரகோத்தமன் செய்ததைத்தான் அவளும் செய்திருந்தாள். சரியாக எழுதி, யோக்கியமாகக் கையெழுத்துப் போட்டு. முந்திரிக்காரி பூவைக் காட்டி விற்றுவிட்டாள்.

மேசைக்கடியிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்தாள். தேர்வுக்குப் படித்த காலத்தோடு அதை விட்டிருந்தாள். கடைசி அத்தியாயத்தில், லஞ்சம் வாங்குகிற அளவர்களைப் பயமுறுத்துவதற்காகச் சேர்த்த ஒரு விதி இருந்தது. அளவர் ஒருவர் தன் அளவு ஒன்றைப் பொய்யாக எழுதியதாகத் தானே ஒப்புக்கொண்டால், அவர் எழுதிய அத்தனை சான்றும் அன்றே செல்லாது. அறுபது நாளுக்குள் வேறொருவர் அளக்க வேண்டும். அதுவரைக்கும் அந்த ஏரித் தண்ணீர் தலைக்கு இவ்வளவு என்று பிரியும். விசாரணையில் சான்றுகள் சரி என்று தெரிந்தால், புது அளவு முடியாத இடங்களில் பழையவை மீண்டும் உயிர்பெறும்.

அந்த விதியை யாரும் எந்தக் காலத்திலும் பயன்படுத்தியதில்லை. தானாக வந்து ஜெயிலுக்குப் போக எந்தத் திருடனுக்கு ஆசை? திருடாதவள் ஒருத்தி பயன்படுத்துவாள் என்று எழுதினவர்களுக்குத் தோன்றியிருக்காது.

பிலோமினா தராசில் கை வைத்ததாகவும் கிணற்று அளவுமானியைத் திருத்தியதாகவும் அரைப் பக்கத்தில் எழுதினாள். அவள் வேலையில் எழுதிய முதல் பொய் அது. அனுப்பினாள்.

மறுநாள் விடிந்தபோது பங்காளி ஏரியைத் தலை எண்ணிப் பிரித்திருந்தது. கீழோடைக்குத் தண்ணீர் போயிற்று. செம்மங்காட்டுக்கும் போதுமான அளவு வந்தது, ஆனால் பீறிட்டு வரவில்லை. கிணற்றுக்கு ஒரு சொட்டும் இல்லை, ஏனென்றால் அதற்குத் தலை கிடையாது. தண்ணீர் இல்லாமல் பாறையை உடைக்க முடியாது, உடைக்காமல் பொங்க வைக்க முடியாது. பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்த அளவர் பதினேழாம் கிணற்றை அது இருக்கிற நிலையிலேயே அளக்கத் தொடங்கினார். ரகோத்தமன் முதல் தடவையாக மரியாதையில்லாமல் தொலைபேசியில் பேசினார்.

ஊரில் அதைவிடக் கேவலமாகப் பேசினார்கள். கீழோடைக்காரர்களிடம் எதையோ வாங்கிக்கொண்டு சொந்த ஊரை விற்றுவிட்டாள் என்றார்கள். அவள் போனபோது கோயிலில் பக்கத்து இருக்கைகள் காலியாயின. அடைக்கலசாமி ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

"அளந்ததெல்லாம் நெசம். நான்தான் பக்கத்துல நின்னேன். என் தோப்பைப் பொய்யின்னு எழுத உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

விளக்கினாள். கீழோடை என்று சொன்னதுமே அவர் எழுந்து போய்விட்டார். அதன் பிறகு அண்ணன் வீட்டில் அவள் தட்டைத் தனியாக வைத்தார்கள்.

ஆடி பிறந்தது. லாரி வரவில்லை, இரண்டு ஊருக்கும். ஆடி ஐந்தாம் தேதி விசாரணை. கிணற்றின் புது அளவு அன்று இருபத்தாறாம் நாளில் இருந்தது. இன்னும் நாலு நாள். அதற்குள் பழைய சான்று உயிர்பெற்றால் கிணறு மறுபடி அறுபதுக்குப் போய்விடும்.

விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற நீதிபதி, நரைத்த மீசைக்காரர். கோப்பு முழுவதையும் தானே படித்திருந்தார். தராசின் உள்நினைவையும் அளவுமானியின் முத்திரைப் பதிவையும் வரவழைத்து அவளுடைய எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்.

"ஒரு கிராம்கூட வித்தியாசம் இல்லம்மா. கூடை எடையைக்கூடக் கழிச்சிருக்கீங்க. எது பொய்?"

"எல்லாம் சார்."

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. மன உளைச்சல்ல எழுதிட்டேன்னு சொன்னா முடிச்சுடுவேன். சான்றெல்லாம் இன்னிக்கே உயிரோட வந்துரும். வேலையும் திரும்பக் கிடைக்கும், உங்க ஊருக்கு அந்த முப்பத்தொண்ணும் கிடைக்கும். இல்லேன்னா ரெண்டு வருஷம் ஜெயில். யாராவது மிரட்டினாங்களா?"

"இல்ல சார். தராசுல கை வச்சேன்."

"தராசோட பதிவுல அப்படி ஒண்ணும் தெரியலையே."

"தெரியாத மாதிரிதான் வச்சேன்." கோபத்தில் அவள் குரல் உயர்ந்துவிட்டது. "இருபத்திரண்டு வருஷம் நெசத்தை எழுதினேன், ஒருத்தரும் வந்து எது நெசம்னு கேக்கல. கிணறு செத்துப் போச்சுன்னு எழுநூறு நாள் குறிப்பைக் கொண்டுவந்து காட்டினேன், அளவு இல்லேன்னீங்க. இன்னிக்குப் பொய்யின்னா மட்டும் ஆதாரம் கேக்குறீங்க. பொய்தான். எழுதிக்குங்க."

அவர் எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தார். எழுத்தர் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து நீட்டினார். தோப்பின் அளவை ஏமாற்றும் நோக்கத்தோடு கூட்டி எழுதினேன், பதினேழாம் கிணற்றின் அளவையும் அவ்வாறே எழுதினேன், யாருடைய தூண்டுதலும் இல்லை என்று இருந்தது. அதிகாரி பேனாவைத் தள்ளினார். பிலோமினா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தாள். கையெழுத்துப் போடப் போனவள் நின்றாள்.

அதிகாரி அவசரமாக முன்னால் சாய்ந்தார். "என்னம்மா? மாத்திச் சொல்றீங்களா?"

"இல்ல சார். கிணத்து நம்பர் தப்பா அடிச்சிருக்காங்க. தொள்ளாயிரத்து இருபத்தொண்ணுன்னு இருக்கு. நான் எழுதினது தொள்ளாயிரத்துப் பன்னெண்டு."

அதிகாரி தாளை வாங்கித் தன் கையாலேயே எண்ணை அடித்துத் திருத்தி ஓரத்தில் கையொப்பமிட்டு மறுபடி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டுக் கீழே தன் பெயரை எழுதினாள்.